பெத்லெகேம் குறவஞ்சியும் திருவிழா ஆட்டமும்

கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டா என்பது நம் முன்னோர் வாக்கு. கோயில் என்னும் அச்சொல்லுள் கல்லும் சுதையும் மட்டும் அடங்கமாட்டா. கொடியேற்றம், தேர், கொட்டுமுழக்கு, கும்மி, கோலாட்டம், விடியும்வரை நடைபெறும் கூத்து ஆகிய அனைத்தும் அடங்கும். ஊரார் ஒன்று கூடி ஆடும் ஆட்டம் வழிபாட்டின் பகுதியா, அன்றி வழிபாட்டைக் கெடுக்கும் களியாட்டமா என்ற வினா இன்று நேற்று எழுந்ததன்று. எல்லாச் சமயத்தாரிடையேயும் எழுந்த வினா அது. தமிழில் அவ்வினாவுக்கு ஒரு நூலே விடையாக எழுந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800ஆம் ஆண்டளவில் இயற்றிய பெத்லெகேம் குறவஞ்சியே அந்நூல். நம் இலக்கிய வரலாறுகள் அதனைச் ‘சிற்றிலக்கியம்’ என்ற தலைப்பின்கீழ் ஒரு வரியிலும், ‘கிறித்தவர் தமிழ்த்தொண்டு’ என்ற தலைப்பின்கீழ் மற்றொரு வரியிலும் குறித்துவிட்டு அப்பால் செல்கின்றன. அந்நூலைத் திருவிழா ஆட்டத்தின் கண்கொண்டு நோக்கினாலன்றி அதன் பெருமையும் புலப்படாது, குறையும் புலப்படாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சாஸ்திரியாரை வளர்த்தவர்கள் ஜெர்மானியக் குருமார்கள். ஆதலின், அவர்கள் விட்டுவந்த நாட்டின் திருவிழாவை முதற்கண் சிறிது அறிந்துகொள்வோம்.

ஜெர்மானியச் சிற்றூர்களில் ‘கிர்ஹ்வை’ என்றொரு விழா உண்டு. ஊர்க்கோயில் கடவுளுக்கு ஒப்படைக்கப்பெற்ற நாளை ஆண்டுதோறும் நினைவுகூர்வதே அதன் தோற்றம். காலையில் கோயிலில் பூசையும் பேருரையும் நடைபெறும். பின்னர் ஊர்வெளியில் இசையும் விருந்தும் ஆட்டமும் நடைபெறும். பிராங்கோனியா என்னும் பகுதியில் ஊர் இளைஞர்கள் காட்டிலிருந்து நெடிய ஊசியிலை மரம் ஒன்றை வெட்டிக் கொணர்ந்து, பட்டையை உரித்து, உச்சியில் மட்டும் பசுந்தழையை விட்டு, மாலை சூட்டி, நீண்ட கழிகளால் முட்டுக்கொடுத்துத் தம் தோள்வலியாலேயே நிமிர்த்தி நிறுத்துவர். அம்மரத்தைச் சுற்றி இளைஞரும் மங்கையரும் இணையிணையாக ஆடுவர். மலர்ச்செண்டு ஒன்று கைமாறிக்கொண்டே வரும். குறித்த ஒலி எழும் நொடியில் அச்செண்டு எவர் கையில் இருக்கிறதோ அவ்விணையே வெற்றி பெறும். முற்காலத்தில் அவ்வெற்றிக்குப் பரிசு ஓர் ஆட்டுக்கடா. விழா முடிவில் ‘கிர்ஹ்வையை அடக்கம் செய்கிறோம்’ என்று பொய்யழுகை அழுது புதைப்பதும் உண்டு. நம் கொடியேற்றத்தையும் கொடியிறக்கத்தையும் அறிந்தவர்க்கு இவை புதியனவாகத் தோன்றா.

ஆயின், இவ்விழாவை எல்லோரும் விரும்பினாரல்லர். மார்ட்டின் லூதர் 1520ஆம் ஆண்டு ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய நூலில், இவ்விழாக்கள் கள்ளுக்கடையாகவும் சந்தையாகவும் சூதாட்டக் களமாகவும் மாறிவிட்டன, ஆதலின் அடியோடு ஒழிக்கப்படவேண்டும் என்று கடிந்துரைத்தார். ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப், ஊருக்கொரு நாளாகப் பல நாள் நடைபெற்ற இவ்விழாக்களைச் சுருக்க எண்ணி, எல்லா ஊரும் அக்டோபர் மூன்றாம் ஞாயிறன்றே கொண்டாடவேண்டும் என்று 1786ஆம் ஆண்டு ஆணையிட்டார். சீர்திருத்தக்காரரும் கடிந்தனர், அரசரும் கட்டுப்படுத்தினார். விழாவோ அழியவில்லை. லூதரைப் பின்பற்றும் பிராங்கோனியச் சிற்றூர்களிலேயே இன்றும் மரம் நடுகின்றனர், ஆடுகின்றனர். கோயில் தன் பங்கைச் செய்தது. ஊர் தன் பங்கை விடவில்லை.

இனித் தமிழகத்துக்கு வருவோம். 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய சீகன்பால்கு, ஹாலே நகரத்துப் பத்திநெறியில் பயின்றவர். நடனமும் நாடகமும் ஆன்மாவுக்கு ஊறு செய்வன என்பது அந்நெறியினர் கொள்கை. அதே நெறியில் வந்தவர் தஞ்சையில் பணிபுரிந்த சுவார்ச்சு ஐயர் (1726–1798). அவரே பாளையங்கோட்டையிலிருந்து பன்னிரண்டு வயதளவினனான ஒரு சிறுவனைத் தம்மோடு தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். 1774ஆம் ஆண்டு பிறந்த அச்சிறுவனே வேதநாயகம். தஞ்சை இளவரசராகிய சரபோஜியும் சுவார்ச்சு ஐயரின் அரவணைப்பில் கல்வி கற்றவர். வேதநாயகம் தரங்கம்பாடியிலும் பயின்று, பத்தொன்பது வயதளவிலேயே தஞ்சையில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியராக அமர்ந்தார். தொண்ணூறு ஆண்டு நிறைவெய்தும் தறுவாயில், 1864ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மறைந்தார்.

ஆட்டத்தை வெறுத்த ஆசிரியரிடம் வளர்ந்த மாணவர், ஆடற்குரிய இலக்கியமாகிய குறவஞ்சியைக் கையில் எடுத்தார் என்பதை நாம் நின்று நோக்கவேண்டும். கோவையோ கலம்பகமோ பாடியிருந்தால் எவரும் ஒன்றும் சொல்லியிரார். அவை ஏட்டில் படிப்பதற்குரியன. குறவஞ்சியோ அத்தகையதன்று. தலைவன் உலா வருதல், தலைவி பந்தாடுதல், அவனைக் கண்டு மையல் கொள்ளுதல், நிலவையும் தென்றலையும் பழித்தல், கூடையும் மாத்திரைக்கோலும் ஏந்திக் குறத்தி வருதல், தன் மலைவளமும் நாட்டுவளமும் கூறுதல், கைபார்த்துக் குறி சொல்லுதல், பின்னர்ச் சிங்கன் வந்து நூவனோடு பறவை பிடித்தல், காணாமற்போன சிங்கியைத் தேடிக் கண்டு உரையாடுதல் என்ற இவ்வளவும் காலாலும் கையாலும் நிகழவேண்டியவை. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சிக்குப் பரிசாக ‘குறவஞ்சிமேடு’ என்னும் நிலம் வழங்கப்பெற்றது என்பர். தஞ்சையில் சிவக்கொழுந்து தேசிகர் சரபோஜி மன்னர்மீது பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி, பெரிய கோயில் திருவிழாவில் ஆண்டுதோறும் ஆடப்பெற்றது. அதே தஞ்சையில், அதே மன்னர் காலத்தில், கிறித்தவ சபையின் புலவர் ஒருவர் ‘எங்கள் திருநாளுக்கும் ஒரு குறவஞ்சி வேண்டும்’ என்று எண்ணியதுபோல் இந்நூலைப் பாடினார்.

அவர் செய்தது பெயர் மாற்றம் மட்டுமன்று. தலைவன் பெத்லெகேமில் பிறந்த இயேசு, அவனை விரும்பும் தேவமோகினி திருச்சபை, குறி சொல்ல வரும் ஞானக்குறத்தி விசுவாசம், ஞானச்சிங்கன் குரு, அவனுக்கு உதவும் நூவன் உபதேசியார். ஒவ்வொரு பாத்திரமும் ஒரு மறைபொருளைத் தாங்கி நிற்கிறது. விவிலியத்தில் உள்ள உன்னதப்பாட்டு, தலைவன் தலைவி காதலாகவே இறையன்பைப் பேசுகிறது. நம் நாயக நாயகி பாவமும் அதுவே பேசுகிறது. இரண்டும் ஒரே வாய்க்காலில் கூடுமிடத்தைப் புலவர் சரியாகக் கண்டுகொண்டார். தமிழ்ப் பெண்ணின் மையல், சபையின் ஏக்கமாக மாறும்போது அதில் ஒட்டுப்போட்ட தையல் தெரிவதில்லை.

நூலின் சிறந்த பகுதிகள் மூன்று என்பேன். முதலாவது, உலகவளம் கூறும் பகுதி. குற்றாலத்துக் குறத்தி தன் மலையையும் அருவியையும் சொல்லிப் பெருமைப்படுவாள். சாஸ்திரியாரோ, தாம் கற்ற புதிய நிலநூலையும் வானநூலையும் அவ்விடத்தில் பெய்துவிடுகிறார். ஞாயிற்றை நடுவாகக் கொண்டு கோள்கள் சுற்றும் கொப்பர்நிக்கசின் கொள்கை, தமிழ்ச் சிந்துநடையில் ஏறி வருகிறது. மக்கள் கூடும் இடத்தில் ஆடிப்பாடும் நூலில் அறிவியலைப் புகுத்திய இத்துணிவு பள்ளியாசிரியர் ஒருவருக்கே உரியது. இரண்டாவது, குறத்தியையே விசுவாசமாக வைத்த துணிவு. அரசியும் அல்லள், குருவும் அல்லள். ஊரூராய்த் திரியும் ஏழைப்பெண் வாயிலிருந்து நற்செய்தி வருகிறது. ஏழைகளுக்கே முதற்கண் நற்செய்தி என்னும் அவர் சமயக் கருத்துக்கு இதனினும் பொருத்தமான உருவம் கிடைத்திராது. மூன்றாவது, வேடனின் வலை. மீன் பிடிப்போரை மனிதரைப் பிடிப்போர் ஆக்குவேன் என்னும் விவிலியக் கருத்தைப் பறவை பிடிக்கும் சிங்கனிடம் பொருத்தியது நுட்பமானது.

குறையும் கூறவேண்டும். பாத்திரத்துக்கு முன்னரே பொருள் வகுத்துவிட்டமையால் அப்பாத்திரம் தன்னிச்சையாக நடமாட இடம் குறைந்துவிட்டது. குற்றாலத்துச் சிங்கனும் சிங்கியும் ஒருவரையொருவர் ஏய்த்தும் ஊடியும் பேசும்போது அவையோர் வயிறு குலுங்கச் சிரிப்பர். அவர்கள் குறவனும் குறத்தியும், வேறொன்றுமல்லர். குருவாகவும் விசுவாசமாகவும் நிற்கும் இருவர் அவ்வாறு பேசிக்கொள்ள முடியுமா? நகைச்சுவையின் கயிறு தளர்கிறது. அடுத்து, கற்றதையெல்லாம் சொல்லிவிடவேண்டும் என்னும் ஆசிரியர்க்குரிய ஆசை சில இடங்களில் பாட்டைப் பட்டியலாக்கிவிடுகிறது. இக்குறை எனக்கும் உண்டு. ஆதலின் அதனை எளிதில் இனங்கண்டுகொண்டேன்.

ஆயின் இங்கு ஓர் எச்சரிக்கை. பட்டியல் என்று நாம் சலிக்கும் பகுதி, படிப்பவனுக்கே பட்டியல். ஆடுபவனுக்கு அது தாளம். பெயர்கள் அடுக்கி வரும்போது அடிகள் விரையும், கைத்தாளம் ஏறும், ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடி, ஒரு திருப்பம். சாஸ்திரியார் கும்மி, ஏற்றப்பாட்டு, தச்சநாடகம் ஆகிய நாட்டு வடிவங்களையும் எடுத்துப் பாடியவர் என்பதை மறத்தலாகாது. உழைப்பவன் உடலசைவோடு பிறந்த வடிவங்கள் அவை. அத்தகையவர் குறவஞ்சியின் அடிகளை ஓசை நோக்காது அடுக்கியிருப்பாரா?

அவ்வாறாயின், அவ்வாட்டம் ஏன் நிலைக்கவில்லை? சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் தமிழ்ச் சபைகளில் இன்றும் ஒலிக்கின்றன. கதாகாலட்சேப மரபு அவர் வழித்தோன்றல்களிடம் தொடர்ந்தது. குறவஞ்சி ஆட்டமோ சபைத் திருநாளின் நிலையான அங்கமாக வேரூன்றவில்லை. பாட்டு உள்ளே சென்றது. ஆட்டம் வாயிலில் நின்றுவிட்டது.

இதற்கு வெளிநாட்டுக் குருமாரின் வெறுப்பே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. சுவார்ச்சு ஐயருக்குப் பின் வந்த இளங்குருமார், திருநாளிலும் திருமணத்திலும் மலர் வழங்குதலையும், வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனை பாடுதலையும் தடுத்தனர் என்பது உண்மை. அதனை எதிர்த்து 1829ஆம் ஆண்டையொட்டிச் சாஸ்திரியார் கடுமையாக எழுதினார். சபைப் பணியை இழந்தார். இளமைத் தோழராகிய சரபோஜி மன்னர் அவரை ஆதரித்தார். தமிழிசைக்காகத் துன்புற்ற அப்பெரியாரை நாம் போற்றுகிறோம். ஆயின் அதே எழுத்தில் அவர் மற்றொன்றுக்காகவும் வாதாடினார். திருச்சபையில் எல்லாச் சாதியாரும் வேறுபாடின்றிக் கலந்து அமரவேண்டும் என்று குருமார் வற்புறுத்தியதையும் அவர் கொடுமை என்றே கொண்டார். மலரும் இசையும் சாதி வேற்றுமையும் அவர்க்கு ஒரே மரபின் கூறுகளாகத் தோன்றின. ஏழைக் குறத்தியின் வாயில் நற்செய்தியை வைத்த புலவர், ஏழை தம்மருகே அமர்வதைப் பொறுக்கவில்லை. நூலைப் பாராட்டுவோர் இதனை மறைத்தலும், இதனைக் காட்டுவோர் நூலைத் தள்ளுதலும் வழக்கமாகிவிட்டன. இரண்டும் திறனாய்வு ஆகா.

பெரிய கோயிலில் நிகழ்ந்ததும் இதனோடு ஒப்பிடத்தக்கதே. அங்குக் குறவஞ்சி ஆடியவர் தேவதாசியர். அவ்வாட்டம் அழகியது; அவர்தம் வாழ்க்கைமுறையோ பெண்ணினத்துக்கு இழிவாக முடிந்தது. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை விலக்கியது, அது வேண்டுவதே. அதற்குமுன், 1944ஆம் ஆண்டு உருக்மிணிதேவியின் கலாட்சேத்திரம் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அரங்கேற்றியது. அதனால் ஆட்டம் பிழைத்தது. ஆயின் ஊர்த்திருவிழாவினின்று நீங்கி, சீட்டு வாங்கி அமரும் அவைக்கு இடம் பெயர்ந்தது. பழைய விழாவில் நெல்லும் பதரும் கலந்தே கிடக்கும் என்பதற்கு இவ்விரண்டும் சான்று. பதருக்கு அஞ்சி நெல்லைக் கொட்டிவிடுதல் ஒரு தவறு. நெல்லை விரும்பிப் பதரையும் உண்ணுதல் மற்றொரு தவறு.

புடைத்தெடுத்தல் இயலாததன்று என்பதற்கும் சான்று உண்டு. இலங்கையில் மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்க ஊர்களில், கோயில் திருநாளையொட்டி நாட்டுக்கூத்து ஆடும் மரபு வேரூன்றியது. கீழ்த்திசை ஞானியர் மூவர் குழந்தை இயேசுவைக் காண வந்த வரலாற்றைக் கூறும் மூவிராசாக்கள் நாடகம் அவற்றுள் ஒன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதனை 1966ஆம் ஆண்டு பதிப்பித்தார். பெத்லெகேம் குறவஞ்சியின் புலமைநயம் அதற்கு இல்லை. ஆயினும் அது ஊராரின் தொண்டையிலும் காலிலும் வாழ்ந்தது. உழவரும் மீனவரும் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து ஆடிய கூத்தை அச்சேற்றியோர், ஆடுவோரிடமிருந்தே அதனைப் பெற்றனர். சாஸ்திரியாரின் நூலோ ஏட்டிலிருந்து அச்சுக்கும் அச்சிலிருந்து பாடக்குறிப்புக்கும் போயிற்று. புலமையில் உயர்ந்தது காகிதத்தில் தங்க, எளியது களத்தில் வாழ்ந்தது. ஓர் ஊர் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டதே இரண்டனுள் நீடித்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தரங்கம்பாடிச் சபையின் வழிவந்த தமிழ் லூத்தரன் மக்கள் மலாயாவுக்கும் வந்தனர். பிரிக்பீல்ட்சில் உள்ள சீயோன் ஆலயம் 1924ஆம் ஆண்டு எழுந்தது. கிள்ளானில் லூர்து அன்னை ஆலயம் 1928ஆம் ஆண்டு எழுந்தது. தோட்டங்களிலோ மாரியம்மன் திருவிழாவும், காமன்கூத்தும், கிறிஸ்துமசு இரவில் லயம் லயமாகச் சென்று பாடும் பஜனையும் ஒரே மண்ணில் நடைபெற்றன. நான் சைவன்; எனினும் அப்பாடல்களில் சில எனக்கு இன்றும் மனப்பாடம். அடுத்த வீட்டார் பாடியதால் வந்த மனப்பாடம் அது. அன்று நாங்கள் ஒருவர் திருவிழாவை மற்றவர் வேலிக்கு வெளியே நின்று பார்க்கவில்லை.

அத்தோட்டங்கள் பல இன்று இல்லை. நான் இதை எழுதும் பெட்டாலிங் ஜெயாவே ஒரு காலத்தில் எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம். 1950களின் தொடக்கத்தில் அது நகராக்கப்பெற்றது. தோட்டம் கலையும்போது மக்கள் அடுக்குமாடிகளுக்குச் செல்கின்றனர். சாமி சிலை உடன் செல்கிறது. பாட்டும் உடன் செல்கிறது. வட்டமாகக் கூடி ஆடுவதற்குரிய முற்றம் மட்டும் உடன் செல்வதில்லை. ஆட்டம் முதலில் மறைவதற்கு இதுவும் காரணம். பாட்டுக்கு ஒரு வாய் போதும். கும்மிக்கு எட்டுப் பேரும் ஒரு முற்றமும் வேண்டும்.

இவ்விடத்தில் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு சொல். சில ஆண்டுகளுக்கு முன், குறவஞ்சி என்னும் இலக்கிய வகையை எங்கள் பள்ளி மேல்வகுப்பு மாணவர்க்கு அறிமுகம் செய்ய முயன்றேன். உறுப்புகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதி விளக்கினேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டனர்; ஒருவர் முகத்திலும் ஒளியில்லை. மறுநாள் மேசைகளை ஓரம் தள்ளி, வட்டமாக நிறுத்தி, கைகொட்டி அதே அடிகளைச் சொல்லவைத்தேன். நான் சொல்லிக்கொடுக்காத இடத்தில் ஒரு சிறுமி தானே திரும்பி, எதிர்க்கை கொட்டினாள். கேட்டதற்கு, “பாட்டி இப்படித்தான் கொட்டுவாங்க சார்” என்றாள். பயிற்சிக் கல்லூரியில் எனக்கு எவரும் கற்பிக்காத பாடம் அது. பாட்டியின் கையிலிருந்து பேத்தியின் கைக்கு வந்தது, நடுவில் நின்ற என் கரும்பலகையைக் கடந்து வந்தது. அவ்வகுப்பில் பெயரடுக்கு எவருக்கும் சலிக்கவில்லை.

ஆதலின், பெத்லெகேம் குறவஞ்சியை இனி மதிப்பிடுவோர் மூன்றினை மனங்கொள்ளுதல் வேண்டும். ஆடற்குரிய நூலைப் படித்தற்குரிய நூலாக மட்டும் கொண்டு தீர்ப்பளித்தல் ஆகாது. நூலாசிரியரின் சாதிப்பற்றை மறைத்துப் புகழ்தலும் ஆகாது. அது ‘அவர்கள்’ சமயநூல் என்று பிறர் ஒதுக்குதலும் ஆகாது. மீனாட்சியம்மை குறத்தை இலக்கியமாகப் படிக்கும் கிறித்தவ மாணவன் இருக்கிறான். பெத்லெகேம் குறவஞ்சியை இலக்கியமாகப் படிக்கும் சைவ மாணவனும் இருத்தல் வேண்டும்.

பிராங்கோனியச் சிற்றூரார் லூதரின் சொல்லையும் மதித்தனர். தம் மரத்தையும் நட்டனர். கள்ளும் சூதும் குறையவேண்டும் என்பதை ஏற்பதற்காக ஆட்டத்தைக் கைவிடவேண்டும் என்று அவர்கள் எண்ணவில்லை. நம் பிள்ளைகளும் சாதியை விட்டுக் கும்மியை வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பெரிய அரங்கோ நிதியோ வேண்டியதில்லை. பள்ளி முற்றம் ஒன்று இன்னும் நம்மிடம் உள்ளது. அடுத்த பள்ளி விழாவுக்குள், அம்முற்றத்தில் எட்டுப் பிள்ளைகளை வட்டமாக நிறுத்துவோமாக.